வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நல்வாழ்வு

வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வகுப்பிலேயே மறந்துவிட்டுப் போவார்கள். நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்தால் வீடு வரைக்கும் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் தொழிலில் உள்ள ஆபத்தே இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

நான் திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகும் வழியில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஐந்து வகுப்புகளுக்கு மூன்று பேர்: ஹெச்.எம். சார், நான், என்னைவிட வயதில் சின்னவரான விமலா டீச்சர். தமிழ், கணக்கு என்று ஏற்கெனவே இருப்பவற்றோடு நலக்கல்வியும் என் தலையில் வந்து விழுந்தது. கை கழுவுவது, சத்தாகச் சாப்பிடுவது, கோபத்தை அடக்குவது, சிநேகிதம், பயம், பாதுகாப்பான தொடுதல் எல்லாம் அதற்குள் அடக்கம். அதற்கு ஒதுக்கிய நேரம் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். அந்த நேரத்தில், பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் முப்பத்தெட்டு பிள்ளைகளுக்கு 'மனதை அமைதியாக வைத்துக்கொள்வது எப்படி' என்று நடத்திய அனுபவம் உங்களுக்கு இருந்தால் இதை மேலே படிக்க வேண்டாம். எல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மூன்று நாள் பயிற்சி

'விழுப்புரத்தில் மூன்று நாள் நலக்கல்விப் பயிற்சி, பள்ளிக்கு ஒருவர் கட்டாயம்' என்று வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்ததும் ஹெச்.எம். சார் தன் முட்டியைத் தடவிக்கொண்டார். விமலா டீச்சர் தன் கைக்குழந்தையின் போட்டோவை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.  நலக்கல்வி ஆசிரியை நான்தான் என்று அந்த நிமிடத்திலேயே முடிவாகிவிட்டது.

மூன்று நாளும் காலையில் ஆறரை மணி பஸ், விக்கிரவாண்டி வரைக்கும் நின்றுகொண்டே பயணம். ஹாலில் மேடை மின்விசிறி மட்டும் ஓடியது. பயிற்சி கொடுத்தவர் நல்ல பிள்ளை. எங்களைக் கண்ணை மூடச் சொன்னார், கடற்கரையில் காற்று வாங்குவதாக நினைக்கச் சொன்னார். நினைத்தோம். பின்வரிசையில் ஒரு சார் குறட்டையே விட்டுவிட்டார். மதியம் சர்க்கரை எவ்வளவு பெரிய எதிரி என்று ஒரு அம்மா விளக்கினார்; அவர் இறங்கியதும் பாகு மாதிரி ஒரு டீயும் ஆளுக்கு இரண்டு கிரீம் பிஸ்கட்டும் வந்தன. கடைசி நாள் தலைப்பு, 'ஆசிரியரின் மன அழுத்தம்'. ஐந்து மணிக்கு முடிய வேண்டியது, ஆறே முக்காலுக்கும் முடிகிற வழியாக இல்லை. எனக்குப் பக்கத்தில் மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சர், போக வேண்டிய பஸ்ஸை நினைத்து வாட்சைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோய், என் காதோடு சொன்னார்: "டென்ஷனைக் கொறைக்கிறது எப்படின்னு மூணு நாளா சொல்லிக்கினே இருக்காங்க டீச்சர். மூணு நாள் லீவு குடுத்திருந்தா தானா கொறஞ்சிருக்கும்."

சோப்பு

ஊருக்குத் திரும்பியதும் கை கழுவுவதில் ஆரம்பித்தேன். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு என்று ஆறு படி. முதலில் திரவ சோப்பு வாங்கி வைத்தேன். ஒரு மாதத்துக்கு வர வேண்டிய பாட்டில் இரண்டே நாளில் நுரைக்குமிழியாகப் பறந்து போனது. சரி, கட்டி சோப்பு என்று மாற்றினால் அதைக் காக்காய் தூக்கிக்கொண்டு போனது. நம்ப மாட்டீர்கள், ஒரே வாரத்தில் மூன்று சோப்பு. கடைசியில் வெங்காயம் வரும் வலைப்பையில் சோப்பைப் போட்டு, குழாயில் இறுக்கிக் கட்டி, அதற்குக் காவலாக ஐந்தாம் வகுப்பிலிருந்து முறை வைத்து ஒரு பிள்ளையை நிறுத்தினேன். ஒரு வழியாக எல்லாப் பிள்ளைகளும் சாப்பாட்டுக்கு முன்னால் வரிசையில் நின்று கழுவ ஆரம்பித்தார்கள். அதை விதவிதமாகப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் ஒன்றியத்திலிருந்து அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். இரண்டாம் வகுப்புக்குள் போய், முன்வரிசையில் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்த கவினை எழுப்பினார். "தம்பி, கையை எப்பெப்போ கழுவணும்?" என்றார். சாப்பிடுவதற்கு முன்னால், கழிவறைக்குப் போய்வந்த பின்னால் என்று நான் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்த பதில் அவனுக்குத் தெரியும். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயசைத்துக்கூடக் காட்டினேன். கவின் என்னைப் பார்க்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடமே அதிர்கிற மாதிரி சொன்னான்: "போட்டோ எடுக்கறப்போ சார்!"

பத்து வரைக்கும்

கோபம் வந்தால் உடனே கை நீட்டக் கூடாது. கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் எண்ண வேண்டும், கோபம் தானாகத் தணிந்துவிடும் என்று நடத்தினேன். நடத்திய இரண்டு வாரமும் பள்ளியில் ஒரு அடிதடி இல்லை. எனக்கே ஆச்சரியம். விமலா டீச்சரிடம் கொஞ்சம் பெருமையாகவும் பேசிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் மதியம் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக நிற்பதைப் பார்த்தேன். சத்தமே இல்லை. சத்தமில்லாத பிள்ளைகளைப் பார்த்தால் எந்த ஆசிரியைக்கும் சந்தேகம் வரும். ஓடிப்போய் விலக்கிப் பார்த்தால், நடுவில் ஐந்தாம் வகுப்பு தினேஷும் முகிலனும் எதிரும் புதிருமாகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார்கள். இருவர் நெஞ்சும் ஏறி இறங்கியது, உதடு முணுமுணுத்தது. அப்பாடா, பாடம் வேலை செய்கிறது என்று நான் நினைத்து முடிப்பதற்குள் தினேஷ் கண்ணைத் திறந்து ஓங்கி ஒரு அறை விட்டான். முகிலனுக்கு உதடு கிழிந்து ரத்தம். விசாரித்தால், சண்டை ஒரு பென்சில் மூடிக்கு.

தினேஷை இழுத்து நிறுத்தி, "என்னடா சொல்லிக்கொடுத்தேன்?" என்று கத்தினேன். அவன் முகத்தில் தப்பு செய்த பயமே இல்லை, ஏமாந்த வருத்தம்தான் இருந்தது. "பத்து எண்ணினா போயிடும்னு சொன்னீங்க டீச்சர். எண்ணிப் பாத்தேன், போவல" என்றான்.  முகிலனை உட்கார வைத்து உதட்டில் பஞ்சை ஒற்றினேன். வலிக்கிறதா என்று கேட்டேன். அவனுக்கு வலியைவிட வேறொரு குறை பெரிதாக இருந்தது. பஞ்சோடு சேர்த்து வாயை அசைத்துச் சொன்னான்: "நானும்தான் டீச்சர் எண்ணினேன். அவன் ஜல்தியா எண்ணிட்டான்."

மல்லாட்டை

காலை இடைவேளையில் பிள்ளைகள் பையிலிருந்து எடுப்பதெல்லாம் பளபளவென்ற பாக்கெட்டுகள். மசாலாத் தூளில் விரலெல்லாம் சிவந்திருக்கும். அந்த விரலோடேயே நோட்டைத் திருப்புவார்கள். நோட்டுத் திருத்தும்போது என் விரலும் சிவக்கும். ஒரு சார்ட் எழுதி மாட்டினேன். ஒரு பக்கம் வேண்டாதவை, மறுபக்கம் வேண்டியவை: வேகவைத்த மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்), கேப்பை அடை, கொய்யா, வாழைப்பழம். ஒரு வாரம் போனது. சார்ட்டுக்குக் கீழேயே உட்கார்ந்து பாக்கெட்டைப் பிரித்தார்கள்.

மூன்றாம் வகுப்பு கீர்த்தனாவின் அம்மாவைப் பெற்றோர் கூட்டத்தில் பிடித்துக்கொண்டேன். அவர்களுக்குச் சொந்த நிலம். அந்த வருடம் மல்லாட்டை நன்றாக விளைந்திருந்தது. கூட்டத்துக்கு வந்தபோதுகூட எனக்கென்று ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை கொண்டு வந்திருந்தார். "வீடு முழுக்க மல்லாட்டையை வெச்சிக்கினு புள்ளைக்கு ஏங்க இந்த பாக்கெட்டை வாங்கிக் குடுக்கிறீங்க? ஒரு கைப்பிடி வேகவெச்சுப் போட்டு அனுப்பக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் நான் ஏதோ விவரமில்லாமல் பேசுவதுபோலச் சிரித்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நாங்க வெளைய வெச்சத எங்க புள்ளயே எடுத்தாந்து துன்னா, ஒரு பாக்கெட் வாங்கக்கூட வக்கில்லன்னு நெனச்சிக்க மாட்டாங்களா டீச்சர்?"

நிறைந்த பாட்டில்

எங்கள் பள்ளியில் தண்ணீர் குடிப்பதற்கென்று காலையில் ஒன்று, மதியம் ஒன்று என இரண்டு மணி அடிப்போம். அடித்ததும் எல்லாரும் பாட்டிலை எடுத்துக் குடிக்க வேண்டும். நான்காம் வகுப்பு யாழினியும் எடுப்பாள், வாயில் வைப்பாள், இறக்குவாள். சாயங்காலம் பார்த்தால் பாட்டில் காலையில் இருந்த அளவிலேயே நிற்கும். நான் விடுவேனா? சிறுநீரகத்தைப் பலகையில் வரைந்து, தண்ணீர் குடிக்காவிட்டால் அது என்ன பாடுபடும் என்று விளக்கினேன். அடுத்த வாரமும் பாட்டில் நிறைந்தே இருந்ததால், அவளை எழுப்பி நிறுத்தி எல்லார் முன்னாலும் திட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், அப்போதும் பாட்டிலைத் திறக்கவில்லை. பிடிவாதக்காரி என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு ஆறு நாள் அவள் வரவில்லை. காய்ச்சல், நீர்க்கடுப்பு. பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் சத்தம் போட்டாராம். திரும்பி வந்த அன்று அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன். பெண்பிள்ளைகள் கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. யாராவது வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் பையன்கள் ஓடிப்பிடித்து விளையாடும்போது கதவு திறந்துவிட்டது. அன்றிலிருந்து, வீட்டுக்குப் போகும் வரை தண்ணீர் குடிப்பதில்லை என்று அவளாகவே தீர்மானித்திருக்கிறாள். மற்ற பெண்களையும் கேட்டேன். இன்னும் ஏழு பேர் இதே கணக்கில் இருந்தார்கள். ஆசிரியர்களின் கழிவறைக்குப் பூட்டு உண்டு. அதன் சாவி, நான் சிறுநீரகம் வரைந்த நாளெல்லாம் என் கைப்பையில்தான் இருந்தது.

அன்றே சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஹெச்.எம். சார் ஒன்றியத்துக்கு மனு எழுதினார். பார்க்கலாம் என்றார்கள். மதிப்பீடு போட வேண்டும் என்றார்கள். பதினெட்டு நாள் பொறுத்துவிட்டு, வெல்டிங் வேலை செய்யும் ஒரு பிள்ளையின் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் வந்து பத்தே நிமிடத்தில் தாழ்ப்பாளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். யாழினி இப்போது தண்ணீர் குடிக்கிறாள். ஆனால் அன்றைக்குப் பெஞ்சில் உட்கார்ந்து, "இத்தனை நாளா என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை என்னால் இன்னும் முழுங்க முடியவில்லை: "நீங்க குடிக்கச் சொல்லித்தான் திட்டினீங்க டீச்சர். ஏன் குடிக்கலன்னு கேக்கவே இல்லியே."

அத்தா வந்த நாள்

பாதுகாப்பான தொடுதல் பாடத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு மூன்று சொல்லில் நடத்தினேன். யாராவது தொட்டு உனக்குப் பிடிக்கவில்லையென்றால், 'வேண்டாம்' என்று கத்து, விலகி ஓடு, நம்புகிறவர்களிடம் சொல்லு. நம்புகிறவர்கள் யார் யார் என்பது அடுத்த வெள்ளிக்கிழமைப் பாடம். ஒரு வாரத்துக்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஒன்றாம் வகுப்பில் ரிஸ்வானா என்று ஒரு பெண். அப்பாவின் ஊர் கோட்டக்குப்பம். அவர் சார்ஜாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவர் போனபோது பிள்ளைக்கு ஒன்றரை வயது. அதன் பிறகு தாயும் மகளும் இங்கே அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வீட்டுக்குக்கூடச் சொல்லாமல், ஆச்சரியப்படுத்தலாம் என்று அந்த மனிதர் விமான நிலையத்திலிருந்து நேராகக் கிளம்பி வந்திருக்கிறார். தெருமுனையில் பள்ளி விட்டு வரும் மகளைப் பார்த்ததும் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கியிருக்கிறார். பிள்ளை என் குரலிலேயே 'வேண்டாம்' என்று அலறியிருக்கிறது. அதோடு விட்டதா? திமிறி இறங்கி ஓடி, எதிரில் இருந்த டீக்கடையில் போய்ச் சொல்லியும்விட்டது. பாடத்தில் ஒரு படியைக்கூட விடவில்லை. கடையில் இருந்தவர்கள் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அவளுடைய அம்மா சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்த பிறகுதான் விட்டார்களாம்.

மறுநாள் அவர் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் காணோம் என்பது தூரத்திலேயே எனக்குத் தெரிந்தது. நான் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்க, ரிஸ்வானா முந்திக்கொண்டாள். "போன்ல அத்தா இவ்ளோ ஒசரமா இல்ல டீச்சர்" என்று எனக்கே விளக்கம் கொடுத்தாள். அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தார். பாடத்தில் பாதிதான் நடத்தியிருந்தேன், தப்பு என் மேல்தான் என்று நான் இழுத்தேன். அவர் மகளைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார்: "நீங்களும் சரியாத்தான் சொல்லியிருக்கீங்க டீச்சர், புள்ளையும் சரியாத்தான் செஞ்சிருக்கு. நான்தான் ரொம்ப லேட்டா வந்துட்டேன்."

மகிழ்ச்சிப் பதிவேடு

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு செயலியில் பதில் அனுப்ப வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தது. 'இந்த வாரம் மாணவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்களா?' என்பது கேள்வி. ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக அழுத்த வேண்டும். எங்கள் பள்ளியில் நெட் கிடைப்பது கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான். நான் கொடிக்கம்பத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். பதினோரு பேர் முடிந்ததும் செயலி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது. மறுபடியும் ஆரம்பித்தேன். நாலு மணி பத்து நிமிடத்துக்கு நீண்ட மணி அடித்தாயிற்று. நாலரை ஆயிற்று. ஒருத்தி அழ ஆரம்பித்தாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. "அழக்கூடாது, வரிசையில நில்லுங்க, நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னு அனுப்பணும்!" என்று நான் அதட்டிய அதட்டலில் சாலையில் போன ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வரிசையில் இருபதாவதாக நின்ற ஐந்தாம் வகுப்பு அபிநயா, இருப்பவர்களிலேயே நியாயமாகப் பேசுகிற பெண், முன்னால் வந்து என்னிடம் சமாதானமாகச் சொன்னாள்: "டீச்சர், எங்கள வீட்டுக்கு வுட்டீங்கன்னா நாங்க நெசமாவே சந்தோஷமா இருப்போம்."

பலகையைத் துடைத்த பெண்

இந்தப் பெண்ணின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மூன்றாம் வகுப்பு. பாதுகாப்பான தொடுதல் பாடம் முடிந்து எல்லாரும் வெளியே ஓடியும், இவள் மட்டும் டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் நோட்டுகளை அடுக்குவதுபோலக் காத்திருந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டேதான் சொன்னாள். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோக்காரர் இவளைத்தான் கடைசியாக இறக்கிவிடுவார். "எனக்குப் புடிக்கல டீச்சர். வேணாம்னு சொன்னேன். சிரிக்கிறாரு" என்றாள். மேலே அவள் சொன்னது அவளுக்கும் எனக்கும் சட்டத்துக்கும் மட்டும் தெரிந்தால் போதும். நான் அவளைத் துருவிக் கேட்கவில்லை. "நீ சொன்னது ரொம்ப நல்லது. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று மட்டும் சொன்னேன்.  

ஹெச்.எம். சார் கெட்டவர் இல்லை. ஆனால் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினார். "அவசரப்படாதீங்க டீச்சர். அந்த ஆட்டோக்காரர் வீடு ஊர்ல பெரிய குடும்பம். கூப்பிட்டுப் பேசித் தீத்துக்கலாம். ஸ்கூல் பேரு கெட்டுடும்" என்றார். இருபது வருடமாக அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. "ஸ்கூல் பேருக்கு எட்டு வயசு இல்ல சார், அந்தப் புள்ளைக்குத்தான் எட்டு வயசு" என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். அவர் மேசையில் கிடந்த வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் பெயர், ஊர் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "என் பேரையும் சேத்துக் குடுங்க" என்றார். அன்று பிள்ளையை என் ஸ்கூட்டியில் நானே வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் சாதாரணச் சேலையில் இரண்டு பெண் போலீஸ் அதிகாரிகள் வந்து அவளிடம் பொறுமையாகப் பேசினார்கள். அந்த ஆளைப் பிடித்துப்போனார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. அது எளிதாகச் சொல்லக்கூடிய பகுதி. பிள்ளையின் அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அன்று மாலையே பள்ளிக்கு வந்து, "உன்ன யாரு கேட்டது? என் புள்ள பேர ஊரெல்லாம் இழுத்து வுட்டுட்டியே!" என்று என்னைப் பார்த்துக் கத்தி, பள்ளிக்கூடத்துப் பையை என் காலடியில் வீசிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு போனார். ஒன்பது நாள் பிள்ளை வரவில்லை. இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கண்டதையும் சொல்லிக்கொடுக்கிறாள் இந்த டீச்சர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட அந்த ஆட்டோக்காரரைப் பற்றிப் பேசவில்லை. வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம்கூட எழுதினேன், அனுப்பவில்லை.

பத்தாம் நாள் பிள்ளை வந்தது. அம்மாவே கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார். அதிலிருந்து தினமும் அப்படித்தான், போக ஒரு மைல், வர ஒரு மைல். என் முகத்தைப் பார்க்க மாட்டார், ஒரு வார்த்தை பேச மாட்டார். மாதங்கள் போயின. அடுத்த கல்வியாண்டும் பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, புதிதாக மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே அவர் நிற்பதைப் பார்த்தேன். மகளைக் கூட்டிப்போக முன்னதாகவே வந்திருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அசையாமல் கேட்டார். மணி அடித்ததும், இன்றைக்கும் திட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே போனேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்: "நான் இவ வயசுல இருக்கசொல்ல இந்தப் பாடத்த நடத்த யாரும் இல்ல டீச்சர்."

பிள்ளைகளுக்கு நல்வாழ்வைச் சொல்லிக்கொடுக்க வாரத்துக்கு நாற்பது நிமிடம் போதும்; பெரியவர்களான எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் கால அட்டவணை போட்டவர்கள் பீரியட் ஒதுக்க மறந்துவிட்டார்கள்.